பானட்டில் ஒட்டிய பெயர்

என் வீட்டுக்காரருக்கு இரண்டு பெண்டாட்டி என்று நான் ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்த காலம் உண்டு. மூத்தவள் ராமலட்சுமியாகிய நான். திருச்சுழி பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் பூ விற்கிறவள். இளையவள் கிரீம் கலர் அம்பாசிடர். தாலுகா ஆபீஸுக்கு எதிரே புளியமரத்தடியில் நிற்பாள். எனக்குத் தீபாவளிக்கு ஒரு சேலை எடுத்தால் பெரிய காரியம். அவளுக்குத் துடைக்கிற துணியே மல் துணியாக இருக்க வேண்டும்.

அவர் பெயர் அருஞ்சுனை. அந்த ஒரு காரை வைத்து டாக்ஸி ஓட்டிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரிச் சவாரி, கோயில் சவாரி எல்லாம் சும்மா கைச்செலவுக்குத்தான். எங்கள் அடுப்பு எரிந்தது கல்யாணங்களால். சுற்றுப்பட்டு ஊர்களில் எந்தக் கல்யாணம் என்றாலும் முந்தின நாள் சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு உண்டு. கோயிலிலிருந்து மண்டபம் வரைக்கும் மாப்பிள்ளையைக் காரில் உட்காரவைத்து ஊர்வலமாக அழைத்து வருவார்கள். எந்தக் கார் முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளக்கிறதோ அந்தக் காரைத்தான் பேசுவார்கள். இன்ஜின் இருமினாலும் பரவாயில்லை, பானட்டு மின்ன வேண்டும்.

மின்ன விடுகிற ஊரா எங்கள் ஊர்? மேலே வெயில், கீழே கரிசல் புழுதி. கிராமத்துப் பாதையில் போனால் இரண்டு பக்கமும் சீமைக்கருவேல முள் கையை நீட்டிக்கொண்டு நிற்கும். எல்லாவற்றுக்கும் மேலே கல்யாண வீட்டார். மாப்பிள்ளை பொண்ணு பெயரை ஜிகினா அட்டையில் வெட்டி, பானட்டில் டேப்பு போட்டு ஒட்டுவார்கள். மறுநாள் டேப்பைப் பிய்த்தால் கூடவே பெயிண்டும் பொரிப் பொரியாக வரும். அன்றைக்கெல்லாம் இவர் சோறு சாப்பிட மாட்டார். எனக்குக் காய்ச்சல் வந்தபோது இரண்டு தடவை சாப்பிட்ட மனுஷன்.

தொண்ணூற்றிரண்டாம் வருஷம் ஆவணி முகூர்த்தத்துக்கு முன்னால் அருப்புக்கோட்டையில் காரை விட்டு முழுசாகப் பெயிண்டு அடித்தார். அடித்த பெயிண்டர் நல்ல வேலைக்காரர். காரைக் கையில் கொடுக்கும்போதே, "ஒரு மாசத்துக்கு இதுமேல எதையும் ஒட்டாதீக. உள்ளுக்குள்ள காயணும்" என்று சொல்லித்தான் கொடுத்திருக்கிறார். இவர் தலையைத் தலையை ஆட்டியிருக்கிறார். அதே வாரம் மதுரையில் ஸ்டிக்கர் கடை வைத்திருக்கும் இவருடைய சிநேகிதர் ஒரு சங்கதி சொன்னார். வெளிநாட்டுத் தாள் ஒன்று வந்திருக்கிறது, கண்ணாடி மாதிரி இருக்கும், பெயிண்டுக்கு மேலே ஒட்டிவிட்டால் ஒட்டியிருப்பதே தெரியாது, முள் கீறினாலும் டேப்பு போட்டாலும் தாளோடு போய்விடும், பெயிண்டு பத்திரம்.

பிறகு மாசமாவது மண்ணாவது! பெயிண்டு வாசனை போகுமுன் அந்தச் சிநேகிதரை பஸ்ஸில் கூட்டி வந்துவிட்டார். அவர் பானட்டு முழுவதும் சோப்புத் தண்ணீர் தெளித்து, பெரிய தாளை விரித்துப் போட்டு, ரப்பர் பட்டையால் நடுவிலிருந்து ஓரத்துக்கு இழுத்து இழுத்து உள்ளே இருந்த தண்ணீரையும் காற்றையும் வெளியேற்றினார். பெற்ற பிள்ளைக்குக் காது குத்தும்போது தாய் நிற்பாளே, அப்படிப் பக்கத்தில் நின்றார் இவர். வேலை முடிந்ததும் நிஜமாகவே தாள் இருப்பது தெரியவில்லை. பானட்டு மட்டும் இன்னும் ஒரு பங்கு கூடுதலாக மின்னியது.

அன்றிலிருந்து இவர் வாயில் ஒரே வார்த்தை. "தாள் இருக்கில்ல!" புளியமரத்துக் காக்கை பானட்டில் எச்சம் போட்டால், தாள் இருக்கில்ல. ஆடு முன்னங்காலைத் தூக்கி வைத்தால், தாள் இருக்கில்ல. ஸ்டாண்டில் டீ குடிக்க வருகிறவர்களைக் கூப்பிட்டு, "எங்க ஒட்டியிருக்குன்னு கண்டுபிடி பாப்போம்" என்று பந்தயம் கட்டுவார். தாலுகா ஆபீஸ் ஆட்களே இவரைக் கண்டால், "என்னய்யா, தாள் இருக்கா?" என்றுதான் கேட்பார்கள். சிரிக்கிறார்கள் என்பது கூடத் தெரியாமல் இருக்கு இருக்கு என்பார்.

அந்த ஆவணியில் முதல் கல்யாணம் சுமதியுடையது.

சுமதி, தாலுகா ஆபீஸில் பியூனாக இருந்த சீனிச்சாமி அண்ணனின் மகள். சீனிச்சாமி அண்ணனும் அவர் சம்சாரம் சோலையம்மாளும் ஒரு காலத்தில் காட்டு வேலைக்குப் போனவர்கள். பிள்ளையைப் படிக்கவைத்தார்கள். அவள் டைப்பு படித்து, தாலுகா ஆபீஸை ஒட்டியிருந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டிலேயே சொல்லிக்கொடுக்கிற வேலைக்கும் சேர்ந்தாள். தினமும் காலையில் என் கடைக்கு வந்து கனகாம்பரம் வாங்கி, அங்கேயே தலையைத் திருப்பிக் காட்டி, "அக்கா, நேரா இருக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் போவாள். கோணலாக இருந்தாலும் நேராக இருக்கிறது என்பேன். அவளுக்கு எப்படி வைத்தாலும் நன்றாக இருக்கும்.

மாப்பிள்ளை காரியாபட்டிப் பையன், ராஜபாண்டி என்று பெயர். மதுரையில் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் வேலை. காரைப் பேச சீனிச்சாமி அண்ணன் வரும்போது சுமதியும் கூட வந்திருந்தாள். "அண்ணாச்சி காருதான்பா வேணும்" என்று அவள் சொன்னதும் இவருக்குத் தலைகால் புரியவில்லை.

மாப்பிள்ளை அழைப்பன்று சாயங்காலம் கோயில் வாசலில் காரை நிறுத்தி நான் பூச்சரம் கட்டிக்கொண்டிருந்தேன். அலங்கார வேலைக்கு வெள்ளத்துரை. ஜிகினா அட்டையில் எழுத்து வெட்டுவதில் கைகாரன். 'ராஜபாண்டி – சுமதி' என்று அழகாக வெட்டி வந்திருந்தான். ஆனால் அன்றைக்கு அடித்தது ஆவணிக் காற்று இல்லை, ஆடிக்காற்றின் பாக்கி. டேப்பு போட்டு ஒட்ட ஒட்ட ஒவ்வொரு எழுத்தாகப் பறந்தது. 'பா'வைத் துரத்திக்கொண்டு அவன் தெப்பக்குளம் வரைக்கும் ஓடினான். திரும்பி வரும்போது கையில் சைக்கிள் கடையில் வாங்கிய ஒரு டியூப்பு. பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷன்.

"ஏலே, அது ரப்பரையே பிடிச்சுக்கிற சாமான். பெயிண்டு என்னத்துக்காகும்?" என்று நான்தான் கத்தினேன்.

என் வீட்டுக்காரர் கையைக் காட்டி என்னை அடக்கினார். "தாள் இருக்கில்ல! எதை வேணா ஒட்டுப்பா நீ."

ஒட்டினான். காற்று என்ன அடித்தும் ஒரு எழுத்தும் அசையவில்லை. ஊர்வலம் மேளதாளத்தோடு ஜோராக மண்டபம் போய்ச் சேர்ந்தது.

மறுநாள் காலை என்ன நடந்தது என்பதை நீட்டிச் சொல்ல எனக்கு இப்போதும் வாய் வரவில்லை. தாலி கட்டுவதற்குச் சற்று முன்னால், காரியாபட்டி பக்கமிருந்து வந்த பஸ்ஸில் ஒருத்தி இறங்கி மண்டபத்துக்குள் வந்தாள். இடுப்பில் ஒரு ஆண் பிள்ளை. அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. பேச வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. மணமேடையில் இருந்தவனைப் பார்த்ததும் அந்தப் பிள்ளை "அப்பா" என்று இரண்டு கையையும் நீட்டித் தாவியது. மண்டபமே பார்த்தது. அந்தப் பாவி தலையைத் தொங்கப்போட்டதையும் பார்த்தது.

சீனிச்சாமி அண்ணன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சுமதிதான் எழுந்தாள். கழுத்து மாலையைக் கழற்றி, கசங்காமல் மணையில் வைத்துவிட்டு, அம்மா கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். நான் கட்டிக் கொடுத்த மாலை அது. என் வீட்டுக்காரருக்கு இரண்டு பெண்டாட்டி என்கிற கேலியை அன்றோடு நிறுத்தினேன்.

மத்தியானம் காரைப் புளியமரத்தடிக்குக் கொண்டுவந்து வெள்ளத்துரை எழுத்துகளைப் பிய்த்தான். அட்டை வந்துவிட்டது. எழுத்து வரவில்லை. சொல்யூஷன் தாளுக்குள் இறங்கி, தாளே எழுத்து எழுத்தாக வெந்து புடைத்துப் போயிருந்தது. தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டியது. சாயங்காலத்துக்குள் கரிசல் புழுதி அந்தப் பிசுக்கில் படிந்து அப்பிக்கொண்டது. கிரீம் கலர் பானட்டில் கன்னங்கரேலென்று, யாரோ பெயிண்டர் உட்கார்ந்து எழுதின மாதிரி, ராஜபாண்டி – சுமதி.

என் வீட்டுக்காரர் மண்ணெண்ணெய் போட்டார். பெட்ரோல் போட்டார். சீயக்காய் போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்தார். தேய்க்கத் தேய்க்க இன்னும் கறுத்தது. சரி, தாளையே எடுத்துவிடலாம் என்று ஒரு மூலையை நகத்தால் கிளப்பினார். தாளோடு பெயிண்டும் தோல் மாதிரி உரிந்து வந்தது. அடியில் பூசிய சிவப்பு பிரைமர் தெரிந்தது. கையைச் சுட்டுக்கொண்டவர் போல விட்டுவிட்டார்.

அருப்புக்கோட்டைப் பெயிண்டரிடம் ஓடினார். அவர் பானட்டைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "காயவிடுங்கன்னு நான் சொன்னேன்ல அண்ணாச்சி? ஈரத்து மேல மூடி போட்டுட்டீக. இனி தாளும் பெயிண்டும் ஒண்ணு. எடுத்தா ரெண்டும் சேந்துதான் வரும். பிறகு முழுக்கச் சொரண்டி, மறுபடி அடிச்சு, காயவிடணும். ஆவணி போயிரும், பரவாயில்லையா?"

பரவாயில்லை என்று எப்படிச் சொல்வது? அந்த மாத முகூர்த்தம் எல்லாவற்றுக்கும் காரைப் பேசியாகிவிட்டது. சிவப்புச் சிவப்பாகச் சொறி பிடித்த பானட்டில் எந்த மாப்பிள்ளை ஏறுவான்? பெயரோடு இருந்தால் மட்டும் ஏறிவிடுவானா என்றால், அதற்குப் பூவைப் போட்டு மூடிக்கொள்ளலாம் என்று இவர் கணக்குப் போட்டார். ஆவணி முடியட்டும், பிறகு எடுத்துவிடலாம்.

ஆனால் கார் நிற்கிற இடம் எது? தாலுகா ஆபீஸ் வாசல். பட்டாவுக்கு வந்தவன், சர்ட்டிபிகேட்டுக்கு வந்தவன், லாட்டரிச் சீட்டு விற்கிறவன், எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒவ்வொருத்தனும் அங்கே நின்று படித்தான். "யாருப்பா இந்த ராஜபாண்டி?" என்று ஒருத்தன் கேட்பான். "அதான், நின்னுபோன கல்யாணம்" என்று இன்னொருத்தன் ஆரம்பிப்பான். அதற்குப் பிறகு அவனவன் வாய்க்கு வந்தது. பொண்ணுக்கு முன்னாலேயே தெரியுமாம் என்றான் ஒருத்தன். அவன் வாயில் என் பூக்கூடையைக் கவிழ்த்திருப்பேன், பூ பாவம் என்று விட்டேன்.

சில நாள் வீட்டிலேயே இருந்த சுமதி மறுபடி வேலைக்கு வர ஆரம்பித்தாள். இன்ஸ்டிடியூட்டுக்குப் புளியமரத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். தலையைக் குனிந்துகொண்டு காரைப் பார்க்காமல் போவாள். என் கடைப் பக்கமும் திரும்புவதில்லை. பூ வாங்குவதை நிறுத்திவிட்டாள்.

இவர் காரைச் சுவரைப் பார்க்க நிறுத்திப் பார்த்தார். பானட்டின் மேல் வேட்டியை விரித்துப் பார்த்தார். மூடி வைத்ததுதான் வினை. முன்பு போகிற போக்கில் படித்தவர்கள் இப்போது நின்று, வேட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

வீட்டில் தினமும் சண்டை. "பிச்சு எறிங்க அதை. ஒரு பிள்ளை தினம் தினம் செத்துப் பிழைக்குது" என்பேன் நான்.

"எறிஞ்சுட்டு? ஆவணிக்கு ஓட்டாம வருசம் பூரா என்னத்தத் திங்க? நீ கட்டுற பூவையா?"

"திங்கலாம். மானமா இருக்கும்."

வாய்தான் அப்படிச் சொன்னது. எங்கள் இரண்டு பையன்களும் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது எனக்குத் தெரியும். அது தெரிந்ததால்தான் இன்னும் கூடுதலாகக் கத்தினேன்.

ஒருநாள் சீனிச்சாமி அண்ணனே வந்தார். நான் அப்போது இவருக்குச் சோறு கொண்டு போயிருந்தேன். துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வேற்று ஆளிடம் வந்தவர் மாதிரித் தள்ளி நின்றார்.

"அருஞ்சுனை, ஒன்னையக் குத்தஞ் சொல்ல வரல. காரு ஒம் பிழைப்பு. ஆனா எம்பிள்ள இந்தப் பக்கமாத்தான நடக்கணும். கொஞ்சம் தேச்சுப் பாக்கட்டா நான்?"

இவர் பதில் சொல்வதற்குள் அவர் பானட்டுக்குப் பக்கத்தில் கிடந்த தேங்காய் நாரை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்துவிட்டார். மகள் பெயர் மேலேயே அழுத்தி அழுத்தித் தேய்த்தார். எழுத்து கொஞ்சமும் மங்கவில்லை. அவருக்கு மூச்சு வாங்கியது. இவர் போய் அவர் கையைப் பிடித்து நாரை வாங்கினார்.

"அண்ணே, விடுங்க. நாளைக்குக் காலையில இருக்காது. நான் சொல்றேன்."

அன்றைக்கு இவர் சோற்றைத் தொடவில்லை. நானும் தொடவில்லை.

மறுநாள் காலை அண்டாவில் வெந்நீர் கொண்டுவந்து பானட்டில் ஊற்றினார். தாள் இளகட்டும் என்று. கையில் புது பிளேடு. புளியமரத்தடியில் வழக்கமான கூட்டம் கூடிவிட்டது. வேடிக்கை என்றால் எங்கள் ஊருக்கு முகூர்த்தம் பார்க்கத் தேவையில்லை. நான் கடையை அப்படியே விட்டுவிட்டுப் போய்ப் பக்கத்தில் நின்றேன். இவர் பிளேடை வைக்கிறார், எடுக்கிறார். கண்ணில் தண்ணீர் நிற்கிறது. பெயிண்டுக்காக அழுதாரா அந்தப் பிள்ளைக்காக அழுதாரா என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரிந்திருக்காது.

அந்த நேரத்தில் சுமதி வந்தாள். கூட்டத்தைப் பார்த்துவிட்டுத் தள்ளிப் போய்விடுவாள் என்று நினைத்தேன். அவள் நேராகக் காருக்கு வந்தாள்.

"என்ன அண்ணாச்சி செய்றீக?"

"பிச்சு எடுத்துறப் போறேன் தாயி. எல்லாம் என் வாய்க்கொழுப்பு. எதை வேணா ஒட்டுன்னு சொன்னது நான்தான்."

சுமதி முதல் தடவையாக பானட்டைப் பார்த்தாள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் மெதுவாகப் படித்தாள்.

"பெயிண்டு வருமாமே? அப்பா சொன்னாக."

"வரும். வந்துட்டுப் போகுது."

"அப்ப பாதியை மட்டும் எடுங்க" என்றாள். "அவன் பேரை எடுங்க. எம்பேரு எதுக்கு?"

இவருக்குப் புரியவில்லை. "தாயி, ஒம்பேரு இருந்தா ஊரு ஒண்ணு கெடக்க ஒண்ணு பேசும்."

"எம்பேரு என்ன தப்புச் செஞ்சுச்சு அண்ணாச்சி? அது எங்கப்பா வச்ச பேரு. அவன் வச்சதில்ல." குரல் ஒரு இடத்தில் உடைந்தது. விழுங்கிக்கொண்டு தொடர்ந்தாள். "அவன் செஞ்சதுக்கு நான் எதுக்கு அழியணும்? எம்பேரு அது பாட்டுக்கு இருக்கட்டும். தாள் இருக்கில்ல."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். கேலிச் சிரிப்பு இல்லை அது.

இவர் பிளேடை இரண்டு பெயருக்கும் நடுவில் வைத்து மேலிருந்து கீழாக ஒரே கோடாக இழுத்தார். பிறகு ராஜபாண்டி பக்கத்துத் தாளை ஓரத்தில் பிடித்து உரித்தார். சர்ரென்று வந்தது. கிரீம் கலர் அத்தனையும் தாளோடு போய், பானட்டில் பாதி சிவப்பாக நின்றது. பெயர்களுக்கு நடுவில் ஒட்டியிருந்த சின்னக் கோடும் அவனோடேயே போனது. கையில் சுருண்ட தாளை எங்கே போடுவது என்று தெரியாமல் நின்றார். சுமதி அதை வாங்கிச் சாக்கடையில் போட்டாள்.

பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அக்கா, கனகாம்பரம் இருக்கா?"

இருந்தது. வைத்துவிட்டேன். தலையைத் திருப்பி, "நேரா இருக்கா?" என்றாள். எனக்குக் கண் மறைத்தது, பூ இருந்த இடமே தெரியவில்லை. நேரா இருக்கு தாயி என்றேன். அவள் அழவில்லை. அழுதது நான்தான்.

அந்த ஆவணியில் பேசியிருந்த கல்யாணங்களில் பாதி கைவிட்டுப் போனது. பாதிச் சிவப்பும் பாதிப் பெயருமாக இருக்கிற காரை யார்தான் கேட்பார்கள்? எப்படியோ ஓட்டினோம். நான் சாயங்காலம் கோயில் வாசலிலும் கூடை வைத்தேன். அடுத்த வருஷம் அருப்புக்கோட்டைப் பெயிண்டர் சிவப்புப் பாதிக்கு மட்டும் கிரீம் அடித்துக் கொடுத்தார். இரண்டு பாதிக்கும் நிறம் சரியாகச் சேரவில்லை. "மொத்தமா அடிச்சாத்தான் அண்ணாச்சி சேரும். அந்தப் பேரை எடுத்துருவோமா?" என்று கேட்டாராம். சேராமலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வந்தார் இவர். நிறம் கொஞ்சம் மாறிவிட்டதென்று முன்பு ஒரு டிக்கிக் கதவுக்காக மூன்று தடவை பெயிண்டரைப் பாடாய்ப் படுத்தின மனுஷன்.

எங்கள் பக்கத்தில் பஸ்ஸுக்கும் லாரிக்கும் வீட்டுப் பிள்ளைகளின் பெயர் வைப்பது வழக்கம்தானே? போகப் போக வெளியூர்க்காரர்கள் அதை அப்படியே நினைத்துக்கொண்டார்கள். "சுமதி காரைக் கூப்பிடு", "சுமதி நிக்குதா பாரு" என்று ஸ்டாண்டிலும் அதே பேச்சு. உங்க மகளா என்று சவாரிக்காரர்கள் கேட்டால், "ஆமா, எங்க பிள்ளதான்" என்பார். எங்களுக்குப் பெண் பிள்ளை கிடையாது. நான் அதைத் திருத்தப் போனதில்லை.

வெயிலில் அந்தத் தாள் பழுப்பேறியது. பெயர் மட்டும் நாளுக்கு நாள் அழுத்தமாகத் தெரிந்தது.

மூன்றாம் வருஷம் தை மாதத்துக்கு முன்னால் ஒரு நாள், ஒரு பையன் தன் அம்மாவோடு அருப்புக்கோட்டை பஸ்ஸில் வந்து இறங்கினான். தங்கசாமி என்று பெயர், நூல் மில்லில் பிட்டர் வேலை. சீனிச்சாமி அண்ணன் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்திருக்கிறார்கள். டீக்கடையில் போய்க் கூச்சத்தோடு, "இங்க சுமதி..." என்று ஆரம்பித்திருக்கிறான். டீக்கடைக்காரர் மேலே கேட்கவே இல்லை.

"சுமதியா? அந்தா, புளியமரத்தடியில நிக்குது. டிரைவரு தூங்குவாரு, தட்டி எழுப்புங்க."

பையன் குழம்பிப்போய்ப் புளியமரத்தடிக்கு வந்து பானட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான். இவர் எழுந்து விவரம் கேட்டார். விவரம் தெரிந்ததும், மறைக்காமல் அந்தக் கல்யாணம் நின்ற கதை முழுவதையும் சொன்னார். சொல்யூஷன், வெந்நீர், பிளேடு, எல்லாம். நான் பூக்கூடையோடு ஓடிப்போய் இவரைக் கண்ணால் அதட்டினேன். பெண் பார்க்க வந்தவர்களிடம் பேசுகிற பேச்சா இது? அந்த அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. பையன் மட்டும் பானட்டில் இருந்த எழுத்தை விரலால் தொட்டுப் பார்த்தான்.

"அவுகளேவா சொன்னாக, எம்பேரு இருக்கட்டும்னு?"

"அதே வார்த்தை."

பையன் பின் கதவைத் திறந்துவிட்டான். "ஏறும்மா. இதுலயே போவோம்."

தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு இந்தக் கார்தான் என்று இரண்டு வீட்டாரும் சொல்லிவிட்டார்கள். அதே கோயில் வாசல். நான் பூச்சரம் கட்டிக்கொண்டிருந்தேன். வெள்ளத்துரை ஒரே ஒரு பெயரை மட்டும் ஜிகினா அட்டையில் வெட்டி எடுத்து வந்திருந்தான். தங்கசாமி. இன்னொரு பெயருக்கு அவனுக்கு வேலை வைக்கவில்லை.

டேப்பை எடுத்து ஒட்டப் போனவன், பழைய நினைப்பில் என் வீட்டுக்காரரைப் பயந்து பயந்து பார்த்தான். இவர் டிக்கியைத் திறந்து, டூல்ஸ் பையைத் துழாவி, ஒரு டியூப்பை எடுத்துக்கொண்டு வந்தார். பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷன். புது டியூப்பு, மூடி கூடத் திறக்காதது.

பட்டு வேட்டியோடு நின்ற மாப்பிள்ளையிடம் காட்டினார். "மாப்ள, இதை வச்சா பிறகு போகாது. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

தங்கசாமி சிரித்தான். "வைங்க அண்ணாச்சி."

இவர் டியூப்பைத் திறந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பாதியில் வெறும் பெயிண்டுதான் இருக்கிறது.

"ஏங்க, இந்தப் பக்கம் தாள் இல்லையே!"

"தெரியும் ராமலட்சுமி" என்று சொல்லிவிட்டு, 'த'வை எடுத்துப் பின்பக்கம் தாராளமாகத் தடவி, பெயிண்டின் மேல் வைத்து உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.